குறுக்கே மடித்த வீடு

குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கத்திரி என்றுதான் சொல்வார்கள். தையல் வேலை செய்வதால் வந்த பெயர் என்று அவள் கணவர் வெளியாட்களிடம் சொல்லிச் சமாளிப்பார். உண்மையில் அது அவள் வாய்க்கு வைத்த பெயர். குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் அரை மணி நேரம் சுற்றிவளைத்துப் பேசியதை, “இப்ப என்ன, நாளைக்குத் தண்ணி வராது, அவ்வளவுதானே?” என்று அவள் ஒரே வெட்டில் முடித்துவைத்த நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கோபக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நியாயத்துக்குக் கோபப்பட்டாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். “அது எப்பவும் அப்படித்தான்” என்று நகர்ந்துவிடுவார்கள். வீட்டு விஷயத்தில் அவளுக்கு நடந்தது அதுதான்.

அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். மாலை ஏழு மணிக்கு வண்டி எடுத்தால் இரவெல்லாம் ஓட்டி, பாதி வழியில் எதிரே வரும் வண்டிக்கு மாறி, அதை ஓட்டிக்கொண்டு அடுத்த நாள் காலை ஒன்பதுக்குப் பணிமனைக்குள் நுழைவார். குளித்துச் சாப்பிட்டு, வந்துபோகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிப் படுக்கும்போது பதினொன்று ஆகிவிடும். ஊர் விழித்திருக்கும் நேரம்தான் அவருக்கு இரவு. அந்த இரவு நன்றாக இருந்தால்தான் அடுத்த நாள் நாற்பது பேர் ஊர் போய்ச் சேர முடியும். இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் புரிந்துகொண்டாள். வாடகை அறையில் இருந்தபோது அவர் தூங்கும் நேரத்தில் பாத்திரம் தேய்க்க மாட்டாள். கதவைத் தட்டிய பால்காரரை விரலை உதட்டில் வைத்தே துரத்தியிருக்கிறாள்.

நிறுவனம் தன் ஊழியர்களுக்கென்று குடியிருப்பு கட்டியபோது நாற்பத்துநாலு வீடுகளில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு அகலமான தெரு. அதன் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு இருபத்திரண்டாக வீடுகள், ஒன்றையொன்று முகம் பார்த்தபடி. பூசாத செங்கல் சுவர், உள்ளூர்க் கல்லில் அடித்தளம், பழைய வீடுகளில் இருப்பதுபோல ஓட்டுக் கூரை. முன்னால் படுக்கையறை, நடுவில் ஒரு அறை, பின்னால் சமையலறையும் குளியலறையும் ஒரு சின்னச் சாமான் அறையும். படுக்கையறையின் முன்சுவரில் பாதியைச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, சல்லடைபோலக் கட்டியிருந்தார்கள். காற்று வரும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது. மின்விசிறிகூட வேண்டியிருக்காது என்றார்கள். சாவி வாங்கிய அன்று அவளே அந்தச் செங்கல் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததற்குச் சாட்சி இருக்கிறது. நாத்தனார் பக்கத்தில் நின்றாள். நாத்தனாரின் கணவர் அதே பணிமனையில் இரவுப்பணி மெக்கானிக். அவர்களுக்கு எதிர்வரிசையில், நேர் எதிர்வீடு.

முதல் கோடை வந்தது. பகல் ஒரு மணிக்கு வெயில் அந்தச் சல்லடைச் சுவர் வழியாக உள்ளே நுழைந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவரின் முகத்திலும் மார்பிலும் கட்டம் கட்டமாக வெளிச்சம் விழுந்தது, யாரோ அச்சுத்துணியை விரித்துப் போர்த்தியதுபோல. அவர் புரண்டு படுத்தார். கட்டங்களும் கூடவே நகர்ந்தன. இரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுட்டது. மூன்று மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து, தலையணையைத் திருப்பிப் போட்டு, மறுபடி படுத்து, மறுபடி எழுந்தார்.

அவள் திரை தைத்துப் போட்டாள். இரட்டைத் துணியில் தைத்துப் போட்டாள். வெயிலை உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவது நனைந்த பிறகு குடை விரிப்பதுபோலத்தான். அறை இருட்டாயிற்று, ஆனால் வேகிறது வெந்துகொண்டேதான் இருந்தது. நடு அறையில் படுக்கச் சொன்னாள். அங்கே அவளுடைய தையல் எந்திரம், பள்ளிவிட்டு வரும் மகள், தெருக்கதவு. எல்லாம் அவர் தலைமாட்டில். சாமான் அறையில் காலை நீட்ட முடியாது. அங்கேயும் ஒருநாள் முழங்காலை மடக்கிப் படுத்துப் பார்த்தார் மனுஷன். பின்பக்கத்துச் சாமான் அறையும் குளியலறையும் மட்டும் மத்தியானம் முழுக்க ஜில்லென்று இருந்தன. பக்கெட்டும் துடைப்பமும் சுகமாகத் தூங்கின.

“என்னங்க, ஆபீஸ்ல சொல்லுங்களேன்.”

“என்னன்னு சொல்றது? வெயில் அடிக்குதுன்னா? எல்லாருக்கும்தான் அடிக்குது.”

“எதிர்வீட்டு மாப்பிள்ளை எப்படித் தூங்கறாரு?”

“அவரு கொடுத்துவெச்சவரு. விடு.”

அவர் அப்படித்தான். விடு என்பது அவர் பேச்சில் முற்றுப்புள்ளி.

விட முடியாத நாள் ஒன்று வந்தது. காலையில் பயணிகளை இறக்கிவிட்டுப் பணிமனைக்குள் திரும்பும்போது, நல்ல வெளிச்சத்தில், பத்து வருஷமாக நுழைந்த அதே வாசலில் வண்டியின் இடப்பக்கத்தைத் தூணில் உரசிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. எதிர்வீட்டு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டபோது தட்டைப் பார்த்துக்கொண்டே, “கண்ணு ஒரு நொடி மூடிடுச்சு” என்றார்.

அவளுக்கு எந்தத் தூண் என்பது தெரியும். அந்த ஒரு நொடி பணிமனை வாசலில் வராமல் மலை வளைவில் வந்திருந்தால் என்பதும் தெரியும்.

எதிர்வீட்டில் ஏன் தூக்கம் வருகிறது என்பதைப் பார்த்துவிடுவது என்று நாத்தனாருக்கு அளவெடுக்கும் சாக்கில் ஒரு மத்தியானம் மூன்று மணிக்குப் போனாள். படுக்கையறையிலிருந்து மெக்கானிக்கின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அதே அறை. அதே சல்லடைச் சுவர். தெருவிலிருந்து காற்று மெல்ல உள்ளே வந்தது. சுவரைத் தொட்டாள். ஆற்றங்கரைக் கல்போலக் குளிர்ந்திருந்தது.

“என்ன அண்ணி, என் இடுப்பை அளக்க வந்தீங்களா, சுவரை அளக்க வந்தீங்களா?”

“உன் வீடு ஏன்டி இப்படி இருக்கு?”

“எப்படி இருக்கு? உங்க வீடு மாதிரியேதான் இருக்கு. ஒரே வீடு, ஒரே செங்கல். உங்களுக்கு எதுல இருந்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்கணும்.”

“உன் பின்பக்கம் எப்படி இருக்கு?”

“என்ன அண்ணி, வயசான காலத்துல இப்படியெல்லாம் கேக்கறீங்க.” நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, “குளிக்கிற ரூமு கொதிக்கும். மத்தியானம் குழாயைத் திறந்தா வெந்நீர்தான். அதுக்கென்ன, யாரு அந்நேரத்துல குளிக்கப்போறா?” என்றாள்.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கத்திரி நேராகக் குடியிருப்பு நுழைவாசலுக்குப் போனாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் குடியிருப்பின் வரைபடம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ‘மண்ணுக்கேற்ற மனை, மனிதருக்கேற்ற வீடு’ என்று எழுதியிருந்தது. வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. அவள் பார்த்தாள். தெருவை நடுவில் வைத்து இரண்டு வரிசையையும் பார்த்தாள். காகிதத்தைத் தெருவோடு மடித்தால் இந்த வீடு அந்த வீட்டின் மேல் இம்மி பிசகாமல் உட்காரும்.

அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? பதினேழு வயதில் அதே தப்பை அவளும் செய்தவள்.

அப்போது அவள் வேலை பார்த்த தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பதிலிருந்து துணி வெட்டும் மேசைக்கு அவளை ஏற்றியிருந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்குக் கவுன். துணி முழுக்கப் பறவைகள், எல்லாம் தலை மேலே, வால் கீழே. நேரம் மிச்சம் பிடிக்கத் துணியைக் குறுக்கே மடித்து, முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒரே வெட்டில் வெட்டினாள். தைத்து முடித்து நிமிர்த்தினால் முன்னால் பறவைகள் நின்றன, பின்னால் தலைகீழாகத் தொங்கின. வெட்டு சுத்தம், அளவு சுத்தம். துணிக்கு ஒரு திசை இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டாள். கடைக்காரர் அந்தக் கவுனை ஒரு மாதம் கடை வாசலில் பின்பக்கம் தெரியத் தொங்கவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் திசை பார்க்காமல் ஒரு துணியை அவள் மடித்ததில்லை.

இங்கே படித்தவர்கள் ஒரு தெருவையே குறுக்கே மடித்து வெட்டியிருக்கிறார்கள். எதிர்வரிசை கிழக்கே பார்த்த வரிசை. மத்தியான வெயிலைக் குளியலறையும் சாமான் அறையும் முதுகில் வாங்கிக்கொள்ள, முன்னறை நிழலில் கிடக்கும். யோசித்துக் கட்டிய வீடுதான் அது. அதையே திருப்பிப் போட்டு இந்தப் பக்கம் வைத்ததில் குளியலறை நிழலுக்குப் போய், தூங்குகிறவன் வெயிலுக்கு வந்துவிட்டான். அவளுக்குத் தண்டனையாக ஒரு மாதம் கவுன் தொங்கியது. இவர்கள் வரைந்ததைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வீட்டை வடிவமைத்தவர் அடுத்த மாதம் புகைப்படம் எடுக்க வந்தார். எல்லோரும் அவரை டிசைன் சார் என்றார்கள். மக்கள் நலம் பேணும் கட்டடம் என்று ஒரு விருதுக்குக் குடியிருப்பின் பெயர் போயிருந்தது. மென்மையாகப் பேசுகிறவர், பருத்திச் சட்டை, தையல் நன்றாக இருந்தது. அவள் அதைக் கவனித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

“சார், எங்க வரிசை திரும்பிடுச்சு.”

“எது திரும்பிடுச்சும்மா?”

“எதிர்வரிசையில படுக்கிற ரூமு கிழக்க இருக்கு. எங்களுக்கு மேற்க இருக்கு. பகல்ல தூங்குற ஆளுங்க சார்.”

“ரெண்டு வரிசையும் ஒரே வீடும்மா. துளி வித்தியாசம் கிடையாது.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன்.”

அவர் பொறுமையாக விளக்கினார். தெருவுக்கு ஒரு முகம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தால்தான் அது தெரு. இந்த ஊரின் பழைய தெருக்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கல், மண், ஓடு எல்லாமே இந்த ஊரிலிருந்து எடுத்தவை.

“வெயிலும் இந்த ஊருதான் சார். அதை எங்கேருந்து எடுத்தீங்க?”

பக்கத்தில் நின்ற, பணிமனையையும் குடியிருப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் இருமினார். டிசைன் சார் சிரித்து, குறித்துக்கொள்வதாகச் சொன்னார். கையில் பேனா இல்லை. அவள் விடவில்லை.

“போன வாரம் விருதுக்குன்னு ஒரு பொண்ணு கேள்வித்தாள் எடுத்துட்டு வந்துச்சு. ‘வீட்டில் நன்றாகத் தூங்க முடிகிறதா’ன்னு அதுல நாலாவது கேள்வி. எதிர்வரிசையில மட்டும் கேட்டுட்டுப் போயிடுச்சு. கூப்பிட்டுக் கேட்டா, ரெண்டும் ஒரே வீடுதானேக்கா, ஒரு பக்கம் கேட்டாப் போதும்னுது. யாரு சார் அதுக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தது?”

“அவங்களுக்கு எப்பவும் கொஞ்சம் கோபம் வரும் சார்” என்றார் சூப்பர்வைசர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அவர்கள் எதிர்வரிசைக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது.

கத்திரி அன்றே பணிமனைக்குப் போய், கழித்துப்போட்டிருந்த கூரைத் தார்ப்பாய்களைக் கேட்டு வாங்கினாள். பேருந்தின் மேல் சாமான் மூடுவதற்கு வைத்திருந்தவை. கிழிந்ததை வெட்டி எறிந்து, நல்ல பாகங்களை ஒட்டி, சாக்கு ஊசியால் கையாலேயே தைத்தாள். நீலம், பச்சை, நடுவில் ஒரு காவி. மெக்கானிக் மாப்பிள்ளை இரண்டு இரும்புக் குழாய்களை வளைத்துக் கொடுத்தார். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, ஓட்டு விளிம்பிலிருந்து சரிவாக இழுத்துக் கட்டினாள். சுவருக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் காற்று ஓட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உடம்பை ஒட்டித் தைத்த சட்டை வியர்க்கும், தளர்வாகத் தைத்தால் வியர்க்காது. இதற்குப் படிப்பு எதற்கு?

அழகாக இல்லை. அழுக்குச் சட்டைக்கு ஒட்டுப் போட்டதுபோல இருந்தது. ஆனால் அன்றைக்குக் கணவர் மூன்றரை வரை தூங்கினார். அடுத்த நாள் நாலு. அதற்கடுத்த வாரம் ஒருநாள் ஐந்தரைக்கு எழுந்து, மணியைப் பார்த்து, வேலைக்கு நேரமாகிவிட்டதோ என்று பதறினார். அவள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விருதுக் குழு வரும் தேதி முடிவானது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு. முந்தின நாள் சூப்பர்வைசர் வந்து தார்ப்பாயைக் கழற்றச் சொன்னார். முகப்பில் எதுவும் தொங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். ஊரின் முகம் கெடுகிறதாம். அவள் முடியாது என்றாள். கணவர் அவளை உள்ளே அழைத்தார்.

“இங்க பாரு, ரெண்டு மணி நேரம்தானே. கழட்டிட்டு மறுபடி கட்டிக்கலாம். வேலைக்கு ஏதாச்சும் வந்துடப்போவுது.”

“தூக்கமில்லாம ஓட்டினா மட்டும் வேலை இருக்குமா? ஆளு இருப்பீங்களா?”

“ஒருநாள்தானே.”

“ஒரு நொடின்னீங்க அன்னிக்கு.”

அவர் விடு என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

மறுநாள் பதினொன்றுக்கு அவர் படுத்தார். ஒன்றேகாலுக்குச் சூப்பர்வைசர் ஏணியோடும் ஒரு ஆளோடும் வந்தார். வரிசையின் பெண்கள் கதவுகளைப் பாதி திறந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் நாத்தனார் படியிறங்கி நடுத்தெருவரை வந்துவிட்டாள். ஏணியைச் சாய்த்த ஆள் கத்திரியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். சூப்பர்வைசர் தானே ஏறினார், இரண்டு படி, மூன்று படி. கத்திரி ஏணியின் அடியில் போய் நின்றாள். சத்தம் போடவில்லை; உள்ளே ஆள் தூங்குகிறார். அவள் அத்தனை தணிந்த குரலில் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

“சார். உங்க பொண்ணுக்கு நாளைக்குக் காலேஜ் திறக்குதுல்ல?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“இன்னிக்கு ஏழு மணி வண்டியிலதானே போவுது? எத்தனாவது சீட்டு?”

அவர் கை தார்ப்பாயின் முடிச்சில் இருந்தது.

“போன தடவை நீங்கதான் கூட வந்து ஏத்திவிட்டீங்க. டிரைவர் ஜன்னல்ல கையை வெச்சு, ‘பாத்து ஓட்டுப்பா, எம் பொண்ணு வருது’ன்னீங்க. உள்ள தூங்குறவருதான் அந்த டிரைவரு. பணிமனைத் தூண்ல உரசினது உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே ரிப்போர்ட் எழுதினீங்க. அவுத்துக்கங்க சார். நான் தடுக்கலை. அவுத்துட்டு ஏழு மணிக்கு வந்து பாத்து ஓட்டுப்பான்னு சொல்லுங்க.”

தார்ப்பாய் காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது. சூப்பர்வைசர் ஏணியில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. ஒரு படி இறங்கினார். அப்புறம் மிச்சப் படிகளும் இறங்கினார்.

“குழு வந்தா நான் என்னம்மா சொல்றது?”

“மெதுவாப் பேசச் சொல்லுங்க.”

குழு வந்தது. நாலு பேர். எதிர்வரிசையில் ஒரு வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். தெருவைக் கடக்கும்போது ஒரு பெண்மணி தார்ப்பாயைக் காட்டி அது என்ன என்று கேட்டார். கத்திரி வாயைத் திறப்பதற்குள் டிசைன் சார் முந்திக்கொண்டார். “குடியிருக்கிறவங்க தங்களோட தேவைக்குத் தகுந்த மாதிரி வீட்டை மாத்திக்கணும், அதுக்கு இடம் விட்டுத்தான் வடிவமைச்சிருக்கோம்” என்றார். பெண்மணி தலையசைத்து எழுதிக்கொண்டார். ஒருவர் தார்ப்பாயைப் படமும் எடுத்தார்.

இடம் விட்டாராம். கத்துவதற்கு அவளுக்கு வார்த்தை இல்லாமலில்லை. அறைக்குள் கணவர் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், ஐந்தேகால் வரை.

“யாராச்சும் வந்தாங்களா?” என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு கேட்டார் அவர்.

“வந்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“டிசைன் சாருக்குச் சட்டை நல்லாத் தைச்சிருக்கு. ஆளுதான் சரியில்ல.”

ஏழு மணிக்குச் சூப்பர்வைசர் மகளை ஏற்றிவிட வந்தார். ஓட்டுநர் ஜன்னல் பக்கம் வந்து நின்றவர், கையை வைக்காமல், ஒன்றும் சொல்லாமல், வண்டி வாசலைத் தாண்டும்வரை தூணையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

விருது கிடைத்தது. நுழைவாசலில் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு வந்தது. கத்திரி தையல் சுண்ணக்கட்டியை எடுத்துப்போய், வரைபடக் கண்ணாடியில் தங்கள் வரிசையான இரண்டாம் வரிசையின் இருபத்திரண்டு வீடுகள் மேலும் தலைகீழாக ஒவ்வொரு பறவை வரைந்தாள். காவலாளி துடைத்தார். மறுநாள் மறுபடி வரைந்தாள். அவர் துடைப்பதை நிறுத்திக்கொண்டார். இதற்குள் பதினேழு வீடுகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கட்டியாகிவிட்டது. அதே வரைபடத்தில் வேறொரு ஊரில் அறுபது வீடு எழும்புகிறது என்று மெக்கானிக் வந்து சொன்ன நாளில், அவள் எந்திரத்தை மிதித்த மிதியில் ஊசி இரண்டாக ஒடிந்தது.

மூன்று மாதம் கழித்துச் சூப்பர்வைசர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றே படித்தார், குரலைத் தாழ்த்தி. இரண்டாம் வரிசையில் கட்டப்படும் நிழல் துணிகள் அனைத்தும் தெருவின் தோற்றத்துக்கு இசைவாகச் செங்கல் நிறத்தில், ஒரே அளவில் இருத்தல் வேண்டும்.

“துணி யாரு தருவாங்கன்னு அதுல போட்டிருக்கா?”

அவர் திருப்பிப் பார்த்தார். “இல்லம்மா.”

“அப்ப படிச்சு முடிச்சாச்சு” என்று அந்தக் காகிதத்தை வாங்கினாள். நல்ல தடித்த காகிதம். மேசையில் விரித்து, திசை பார்த்து மடித்து, அதில் அடுத்த வீட்டு அளவைக் குறிக்க ஆரம்பித்தாள்.